இஃப்புக்குள் எழுதுவது வாய்விட்டுப் படிக்கும்படி இருக்கட்டும்

ஊட்டிக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை 2024 மே 7-ல் வந்தது. நீலகிரிப் பதிவெண்ணான டிஎன் 43 வண்டிக்கும் அரசுப் பேருந்துக்கும் பாஸ் வேண்டாம். கல்லாறு சோதனைச்சாவடியில் நிற்பவர் இதை ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். வண்டியை விடலாமா என்று சோதிக்கும் இஃப் (if) நிபந்தனையை ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் எழுத உட்கார்ந்தால் பலருக்கு இப்படி வருகிறது:

!(!உள்ளூர் && !பேருந்து && !பாஸ்)

! என்றால் 'இல்லை', && என்றால் 'மற்றும்', || என்றால் 'அல்லது'. மூன்று 'இல்லை'யைப் படித்து, நான்காவது 'இல்லை'யால் எல்லாவற்றையும் புரட்ட வேண்டும். வெளியே நிற்கும் ! குறியை உள்ளே கொண்டுபோனால் உள்ளிருக்கும் ! எல்லாம் அடிபடும், && எல்லாம் || ஆகிவிடும்:

உள்ளூர் || பேருந்து || பாஸ்

பொருள் அதேதான். இதற்கு 'விடலாம்' என்று பெயர் வையுங்கள். இஃப் அடைப்புக்குள் அந்தப் பெயர் மட்டும் போதும். மாறிக்குத் (மதிப்பைத் தாங்கும் பெயருக்கு) தமிழ்ப் பெயரை ஜாவாஸ்கிரிப்ட் ஏற்கும், நடுவில் இடைவெளி விடக்கூடாது. 'பாஸ்_இல்லை' என்று பெயர் வைக்காதீர்கள், என்றாவது !பாஸ்_இல்லை என்று எழுத நேரும், அன்றைக்குத் தலை சுற்றும்.

&&, || இரண்டும் ஒரே வரியில் வந்தால் அடைப்புக்குறி போட்டே ஆகவேண்டும். && முதலில் சேரும் என்பது படிப்பவருக்கு நினைவிருக்காது.

அடுத்தது சீசன். 2025-ல் ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. மாதத்தை இப்படிச் சோதித்தால்:

4 <= மாதம் <= 6

டிசம்பரிலும் சீசன்தான்! முதல் பாதி ட்ரூ (உண்மை) அல்லது ஃபால்ஸ் (பொய்) ஆகிறது; அடுத்த ஒப்பீட்டில் அது 1 அல்லது 0. இரண்டுமே 6-ஐவிடச் சின்னது. சரியானது:

4 <= மாதம் && மாதம் <= 6

தேதியிலிருந்து மாதத்தை எடுத்துத் தரும் கெட்மந்த் (getMonth) ஜனவரியை 0 என்று தரும். வாங்கும் இடத்திலேயே 1 கூட்டிவிடுங்கள்.

இதைவிட மோசமான பிழை:

மீதி || 6000

மீதி எவ்வளவு என்ற தகவல் வராவிட்டால் முழு வரம்பை எடுத்துக்கொள் என்பது எண்ணம். ஆனால் 0-வும் || குறிக்கு 'இல்லை'தான். கடைசி பாஸும் தீர்ந்த நொடியில் மறுபடி 6,000 இடம் திறந்துகொள்ளும். மீதி ?? 6000 என்று எழுதுங்கள். ?? குறி, மதிப்பே இல்லை என்பதைக் காட்டும் நல் (null), அன்டிஃபைன்ட் (undefined) இரண்டுக்கு மட்டுமே மாற்று மதிப்பைத் தரும். 2020 பதிப்பில் மொழிக்குள் வந்தது. அடைப்புக்குறி இல்லாமல் அதை || உடன் கலந்தால் நிரலே ஓடாது.

வார_இறுதி ? 8000 : 6000 (வார இறுதி என்றால் 8000, இல்லையென்றால் 6000) அழகாக இருக்கிறது. அதற்குள் இன்னொரு கேள்விக்குறி வந்தால் தனி ஃபங்க்‌ஷனாக்கி, ஒவ்வொரு நிலைக்கும் உடனே ரிட்டர்ன் செய்யுங்கள்.

படிவத்தில் நிரப்பும் எண் சரமாகத்தான் (எழுத்துகளின் தொடராக) வரும். இரு பக்கமும் சரமாக இருந்தால் "900" > "6000" என்பது ட்ரூ, 9 என்ற எழுத்து 6-க்குப் பின்னால் வருவதால். ஒப்பிடும் முன்பே நம்பர் ஆக்கிக்கொள்ளுங்கள்.