பழைய காரை வருஷாந்திர பிட்னெஸ் டெஸ்ட்டுக்கு ரெடி பண்றது எப்படி? முதல் தடவை போறவங்களுக்கு

பழைய கார்னாலே டெஸ்ட்ல ஃபெயில்தான்னு நிறைய பேர் பயப்படுறாங்க. உண்மையில 50 வருஷ வண்டியா இருந்தாலும் அடிக்கடி ஓட்டிட்டு பாத்துக்கிட்டு இருந்தா நல்லாவே பாஸ் ஆகும், கவர் போட்டு மாசக்கணக்கா நிறுத்தி வச்ச வண்டிதான் மாட்டும். நின்னுட்டே இருந்தா பிரேக் பிஸ்டன் இறுகிடும், ரப்பர் எல்லாம் காஞ்சு வெடிச்சிடும், பல்ப் ஹோல்டர்ல பச்சையா களிம்பு ஏறிடும். அதனால டெஸ்ட்டுக்கு ஒரு மாசம் முன்னாடியே வண்டியை எடுத்து ஓட்ட ஆரம்பிங்க, பாதி கோளாறு தானா தலைகாட்டிடும்.

ஸ்டெப் 1: உங்க வண்டிக்கு எந்த ரூல்?

பெரும்பாலும் வண்டி எந்த வருஷம் ரோட்டுக்கு வந்துச்சோ அந்தக் காலத்து ரூல்தான் அதுக்கு, புது காருக்கு கேக்குறதை எல்லாம் இதுக்கிட்ட கேக்க மாட்டாங்க. உதாரணத்துக்கு பிரிட்டன்ல 1965க்கு முன்னாடி வந்த கார்ல சீட் பெல்ட் இல்லைன்னாலும் ஃபெயில் பண்ண மாட்டாங்க. 1975 ஆகஸ்ட்டுக்கு முந்தின பெட்ரோல் கார்னா புகை கண்ணுக்கு எவ்வளவு தெரியுதுன்னு மட்டும் பாப்பாங்க, அதுலேர்ந்து 1986 ஜூலை வரைக்கும் வந்ததுக்கு கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம் வரை விடுவாங்க. 2018 மே மாசத்துலேர்ந்து அங்க 40 வருஷம் தாண்டின, பெருசா எதையும் மாத்தாத கார்களுக்கு டெஸ்ட்டே கட்டாயமில்ல. ஜெர்மனில 30 வருஷம் தாண்டி ஹிஸ்டாரிக் நம்பர் பிளேட் வாங்கினாலும் 2 வருஷத்துக்கு ஒரு தடவை போயே ஆகணும்.

என்னைக் கேட்டா விலக்கு இருந்தாலும் போயிடுங்க. வண்டியை லிஃப்ட்ல தூக்கி, அதைப் பத்தி எந்தப் பாசமும் இல்லாத ஒருத்தர் அடியில டார்ச் அடிச்சுப் பாக்குறது ரொம்ப நல்ல விஷயம்.

ஸ்டெப் 2: துரு

பழைய வண்டியை சாய்க்கிறதுல முதல் ஆள் இதுதான், ஆனா எல்லாத் துருவும் ஒண்ணு இல்ல. கதவோட அடிப்பக்கம் கொஞ்சம் தின்னிருந்தா, கூரா ஓரம் நீட்டிக்கிட்டு கையைக் கிழிக்காத வரைக்கும் பெருசா கண்டுக்க மாட்டாங்க. சஸ்பென்ஷன், ஸ்டியரிங், சீட் பெல்ட் எல்லாம் பாடியில மாட்டியிருக்கிற இடம் இருக்கு பாருங்க, அதைச் சுத்தி சுமார் 30 சென்டிமீட்டருக்குள்ள தகடு செத்துப் போயிருந்தா அவ்வளவுதான், ஃபெயில்.

வண்டியைத் தூக்கி ஸ்டாண்ட் மேல நிறுத்துங்க, வெறும் ஜாக்கியை நம்பி அடியில படுக்கவே படுக்காதீங்க. ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால கதவுக்குக் கீழ ஓடுற பாக்ஸ் மாதிரி பகுதி, ஜாக்கி வைக்கிற இடம், பின் ஸ்பிரிங் மாட்டுற இடம்னு வரிசையா தட்டிக்கிட்டே வாங்க. நல்ல தகடு டங்குனு கேக்கும், போனது டொக்குனு மந்தமா கேட்டு கூடவே துகள் கொட்டும். பெயின்ட் பளபளன்னு இருக்கேன்னு ஏமாற வேணாம், உள்ளேர்ந்து அரிச்சுக்கிட்டு வந்திருக்கும். அந்த இடங்கள்ல பட்டி பூசியோ ஃபைபர் ஒட்டியோ மறைச்சா செல்லாது, கெட்டதை வெட்டி எடுத்துட்டு புதுத் தகடு வச்சு சுத்தி முழுசா வெல்டிங் பண்ணணும், அங்கங்க பொட்டு வச்சா பத்தாது. டெஸ்ட்டுக்கு முந்தின நாள் கருப்பு அண்டர்கோட் அடிக்கிற வேலையும் வேண்டாம், பாக்குறவருக்கு சந்தேகம்தான் வரும்.

ஸ்டெப் 3: பிரேக்

இங்க தயவுசெஞ்சு சமரசமே பண்ணாதீங்க, ஏன்னா அந்தக் காலத்துக் கார்கள்ல நிறைய வண்டிக்கு ஒரே பிரேக் சர்க்யூட்தான், அதாவது நாலு வீலுக்கும் பிரேக் ஆயில் போறது ஒரே வழியில, ஒரு இடத்துல லீக் ஆனா நாலு வீலுக்கும் பிரேக் போச்சு.

பெடலை அழுத்தி அப்படியே ஒரு நிமிஷம் பிடிங்க. மெல்ல இறங்குதுன்னா வெளிய எங்கயாவது லீக், வெளிய ஈரமே இல்லைன்னா மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதிச்சா ஆயிலைத் தள்ளுற பம்ப்) உள்ளயே விடுது. பிரேக் டிரம்மைக் கழட்டி வீல் சிலிண்டரோட (உள்ள பிரேக் ஷூவைத் தள்ளுற சின்ன சிலிண்டர்) ரப்பர் மூடியை நகத்தால லேசா நெம்பிப் பாருங்க, உள்ள ஈரம் கசிஞ்சா மாத்திடுங்க. ரப்பர் ஹோஸை வளைச்சா வெடிப்பு தெரியும், உள்ள வீங்கின ஹோஸ்னா பெடலை விட்டாலும் அந்த வீல் பிடிச்சுக்கிட்டே இருக்கும். சாதாரண பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும், வண்டி ஓடலைன்னாலும் 2 வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும்.

டெஸ்ட்ல ரோலர் மேல ஏத்தி அளப்பாங்க. பிரிட்டன் கணக்குல 2010 செப்டம்பருக்கு முந்தின கார்களுக்கு பிரேக் திறன், அதாவது பிரேக் பிடிக்கிற விசை, வண்டி எடையில 50 சதவீதம் வரணும், முன் வீல் ரெண்டுக்கும் நடுவுல 30 சதவீதத்துக்கு மேல வித்தியாசம் இருக்கக் கூடாது. பழைய வண்டி பெரும்பாலும் இந்த வித்தியாசத்துலதான் மாட்டும், ஒரு பக்க டிரம் நல்லா பிடிக்கும் இன்னொண்ணு சோம்பேறியா இருக்கும், ரெண்டையும் ஒண்ணு போல அட்ஜஸ்ட் பண்ணி கொஞ்ச நாள் ஓட்டினா சரியாயிடும். ஹேண்ட்பிரேக்குக்கு ரெட்டை சர்க்யூட் கார்னா 16 சதவீதம் போதும், ஒத்தை சர்க்யூட்னா 25 வேணும்.

ஸ்டெப் 4: ஸ்டியரிங், வீல்

வீலைத் தூக்கி மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க. ஆடுதுன்னா கூட ஒருத்தரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிட்டு திரும்ப ஆட்டுங்க, ஆட்டம் நின்னா வீல் பேரிங், நிக்கலைன்னா கிங்பின்னோ பால் ஜாயின்ட்டோ (முன் வீல் திரும்புறதுக்கு தாங்குற அச்சாணி, மூட்டு) தேஞ்சிருக்கு. கிரீஸ் நிப்பிள் எல்லாத்துக்கும் கன் வச்சு புது கிரீஸ் வெளிய வர்ற வரைக்கும் ஏத்துங்க, இதை ஒழுங்கா செஞ்சாலே கிங்பின் வருஷக்கணக்கா உழைக்கும்.

டயர்ல பட்டன், அதாவது ரோட்டைப் பிடிக்கிற வரிப்பள்ளம், 1.6 மில்லிமீட்டர் ஆழம் பல நாட்டுல குறைந்தபட்சம். அதை விட பக்கச் சுவர்ல இருக்கிற தேதியைப் பாருங்க. 2319னா 2019ல 23வது வாரம். மூணே இலக்கம் இருந்தா அது 2000க்கு முந்தின டயர், பட்டன் புதுசு மாதிரி இருந்தாலும் தூக்கிப் போடுங்க.

ஸ்டெப் 5: லைட், இன்ஜின்

லைட் மங்கலா இருந்தா பல்பை மாத்துறதுக்கு முன்னாடி எர்த் ஒயர் மாட்டியிருக்கிற இடத்தை உப்புத்தாள் போட்டு பளிச்சுன்னு தேய்ங்க, முக்கால்வாசி அங்கயே சரியாயிடும். ஹாரன், வைப்பர், பிரேக் லைட்டையும் பாத்துக்குங்க.

இன்ஜினுக்கு பிளக், பாயின்ட் (பிளக்ல பொறி வர வைக்கிற சின்ன சுவிட்ச்), ஏர் ஃபில்டர் சுத்தமா இருக்கட்டும். கருப்புப் புகைன்னா பெட்ரோல் அதிகமா போகுது, கார்பரேட்டரையும் சோக் (ஜில்லுனு ஸ்டார்ட் பண்ண காத்தைக் குறைக்கிற மூடி) முழுசா திறக்குதான்னும் பாருங்க. நீலப் புகைன்னா ஆயில் எரியுது.

டெஸ்ட் அன்னைக்கு

ஒரு 20 நிமிஷமாவது ஓட்டி இன்ஜினை நல்லா சூடாக்கிட்டு போங்க, ஜில்லுனு இருக்கிற கார்பரேட்டர் வண்டி புகை ரீடிங்ல தேவையில்லாம மாட்டும். சோக் எங்க, ஹெட்லைட் டிப்பர் சுவிட்ச் கால்ல இருக்கா, பாசிட்டிவ் எர்த்தா (பேட்டரியோட பிளஸ் முனை பாடியோட சேர்ந்திருக்கா), இதெல்லாம் டெஸ்ட் பண்றவர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, சின்ன வயசுக்காரங்க இந்த மாதிரி வண்டியைத் தொட்டே இருக்க மாட்டாங்க. முடிஞ்சதும் பாஸ் ஆனாலும் பிரேக் ரீடிங் பேப்பரைக் கேட்டு வாங்கி வச்சுக்குங்க, அடுத்த வருஷ பேப்பரோட சேர்த்துப் பாத்தா எந்த வீல் இறங்கிக்கிட்டு வருதுன்னு தெரிஞ்சிடும்.