இயேசு செய்தார் என்று நாமும் செய்கிற சில தவறுகள்

"இயேசுவே கோபப்பட்டாரே, நான் படக்கூடாதா?" வீட்டில் சண்டை போட்டுவிட்டு இப்படிக் கேட்காத கிறிஸ்தவர்கள் குறைவு. கேட்பதில் தப்பில்லை. ஆனால் சுவிசேஷத்திலிருந்து ஒரு சம்பவத்தை மட்டும் பிய்த்தெடுத்து, அது யாருக்காக, எந்த நேரத்தில், யார் முன்னால் நடந்தது என்று பார்க்காமலே நம் வாழ்க்கையில் ஒட்டவைத்துக்கொள்கிறோம் பாருங்கள், முக்கால்வாசித் தவறுகள் அங்கேதான் ஆரம்பிக்கின்றன.

கோபத்தையே எடுத்துக்கொள்வோம். எருசலேம் ஆலயத்தில் இயேசு காசுக்காரரின், அதாவது நாணயம் மாற்றித் தருகிறவர்களின், பலகைகளைக் கவிழ்த்தது திடீரென்று பொங்கிய ஆத்திரம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். மாற்கு 11-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். முந்தின நாளே இயேசு ஆலயத்துக்கு வந்து எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, நேரமாகிவிட்டதால் பன்னிரண்டு பேரோடு பெத்தானியாவுக்குப் போய்விடுகிறார். ஓர் இரவு கழிந்த பிறகுதான் பலகைகள் கவிழ்கின்றன. கயிற்றால் சவுக்கு செய்தார் என்கிறார் யோவான்; அதற்கும் கொஞ்ச நேரம் பிடித்திருக்கும். அடுத்து, யாருடைய ஆசனங்கள் கவிழ்ந்தன? புறா விற்கிறவர்களுடையவை. ஆட்டுக்குட்டி வாங்க வசதியில்லாதவர்களுக்கு லேவியராகமம் 12 அனுமதித்த பலி புறாதான், குழந்தை இயேசுவைத் தூக்கிக்கொண்டு எருசலேமுக்குப் போன மரியாளும் யோசேப்பும் செலுத்த வேண்டியிருந்ததும் அதுவே. ஏழை பக்தனிடம் காசு பார்க்கிற இடத்தில் அவர் கை வைத்தார். தன்னை யாரோ மட்டமாகப் பேசிவிட்டார்கள் என்பதற்காக அல்ல.

மத்தேயு இன்னொன்றையும் சேர்க்கிறார். இத்தனை களேபரம் நடந்த அதே ஆலயத்தில் குருடரும் சப்பாணிகளும் அவரிடம் வந்தார்கள், அவர் சுகமாக்கினார். அந்தக் கோபத்தைப் பார்த்து பலவீனமானவர்கள் ஓடவில்லை, பக்கத்தில் வந்தார்கள். நாம் கத்தும்போது வீட்டுப் பிள்ளைகள் பக்கத்தில் வருகிறார்களா, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்களா? சாம்பாரில் உப்பு கூடியதற்கெல்லாம் ஆலயச் சம்பவத்தைச் சாட்சிக்கு இழுப்பது கொஞ்சம் ஓவர்.

இதற்கு நேர் எதிரான தவறு ஒன்று இருக்கிறது, இதைவிட ஆபத்தானது. அடிக்கிற கணவனோடு வாழும் பெண் சபையில் யாரிடமாவது வாய் திறந்தால், "மறுகன்னத்தைக் காட்டும்மா, ஜெபம் பண்ணு, கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவது. மலைப்பிரசங்கத்தில் அந்த வசனம் கண்ணுக்குக் கண், பல்லுக்குப் பல் என்று பழிவாங்கும் கணக்குக்குப் பதிலாக வருகிறது. அடி வாங்கிக்கொண்டே இரு என்ற உத்தரவு அல்ல. சொன்னவரே என்ன செய்தார் என்று பாருங்கள். விசாரணையின்போது சேவகன் ஒருவன் கன்னத்தில் அறைகிறான். அவர் திருப்பி அடிக்கவில்லை, சரி. ஆனால் வாய்மூடியும் நிற்கவில்லை; நான் தப்பாகப் பேசியிருந்தால் அதை நிரூபி, சரியாகப் பேசியிருந்தால் "என்னை ஏன் அடிக்கிறாய்" என்று அவனிடமே கேட்கிறார் (யோவான் 18). நாசரேத்தில் மலைச்சரிவிலிருந்து தள்ளப் பார்த்தபோது கூட்டத்தின் நடுவே கடந்து போய்விட்டார். எருசலேமில் கல்லை எடுத்தபோதும் மறைந்து வெளியேறினார். சிலுவையை அவர் தாமாக ஏற்றுக்கொண்டார், அதைக் காட்டி இன்னொருத்தியின் முதுகில் சிலுவையை ஏற்ற நமக்கு உரிமை கிடையாது. அந்தப் பெண்ணுக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பான ஓர் இடம். இந்தியாவில் 181 பெண்கள் உதவி எண், 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் எல்லாம் இருக்கின்றன, ஜெபத்தோடு அவற்றையும் சொல்லிக்கொடுப்பதால் விசுவாசம் ஒன்றும் குறைந்துவிடாது.

அப்புறம், ஒரு சம்பவத்தைப் பிடித்துச் சூத்திரமாக்கும் பழக்கம். சுகமான குஷ்டரோகியிடம் யாருக்கும் சொல்லாதே என்கிறார். லேகியோன் என்ற பிசாசுக் கூட்டம் பிடித்திருந்து விடுதலையான மனிதனிடமோ, "நானும் உம்மோடு வருகிறேன்" என்று அவன் கெஞ்சியும், வீட்டுக்குப் போய் உன் ஜனங்களிடம் சொல் என்கிறார். குஷ்டரோகி கேட்காமல் ஊரெல்லாம் பரப்பினான், அதனால் இயேசு வெளிப்படையாகப் பட்டணத்துக்குள் போக முடியாமல் வனாந்தரத்தில் தங்க வேண்டியதாயிற்று. ஆகவே, நேற்று சுகமானவரை இன்றே மேடையேற்றி மைக்கைக் கையில் திணிக்குமுன், அவருக்கு அது நல்லதா என்று ஒருமுறையாவது கேட்கலாம்.

பணத்திலும் இதே கதை. ஐசுவரியவானிடம் உள்ளதையெல்லாம் விற்கச் சொன்னவர், சகேயு என்ற பணக்கார வரிவசூலிப்பவன் தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குத் தருகிறேன் என்றபோது மீதிப் பாதி எங்கே என்று கேட்கவில்லை. இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்றார். யோவன்னாள், சூசன்னாள் போன்ற பெண்கள் தங்கள் ஆஸ்தியை வைத்துக்கொண்டே அதிலிருந்து ஊழியத்தைத் தாங்கினார்கள். காணிக்கை நேரத்தில் "உள்ளதையெல்லாம் விற்று" என்று உருக்கமாகப் பேசுகிறவர்கள் அடுத்த வரியை ஏனோ வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். தரித்திரருக்குக் கொடு என்பதுதான் அந்த வரி. பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் "கொர்பான்" என்று சொல்லித் தேவனுக்கு ஒதுக்கியவர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. அப்பாவின் மருந்துச் செலவைத் தள்ளிப்போட்டு ஆலயக் கட்டட நிதிக்குக் கொடுக்கிறவர்கள் மாற்கு 7-ஐ ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும்.

கடைசியாக ஜெபக்குறிப்பு. "அந்த சகோதரருக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள், வீட்டில் கொஞ்சம் பிரச்சினை, விவரம் சொல்ல முடியாது" என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி விழுந்தால் போதும், பத்தே நிமிடத்தில் தனித்தனியாக "என்னாச்சு?" என்று செய்திகள் பறக்கும். சாயங்காலத்துக்குள் அந்த சகோதரரைத் தவிர எல்லோருக்கும் விவரம் தெரிந்துவிடும். மத்தேயு 18-இல் இயேசு வரிசை சொல்லிக் கொடுத்திருக்கிறார்: ஒருவன் உனக்கு விரோதமாகக் குற்றம் செய்தால் முதலில் நீயும் அவனும் தனித்திருக்கையில் பேசு, கேட்காவிட்டால் இன்னும் ஓரிருவரை அழைத்துப் போ, அதற்கும் அசையாவிட்டால்தான் சபைக்குச் சொல். நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். அடுத்த முறை குழுவில் தட்டச்சு செய்ய ஆரம்பித்தால், அதை அழித்துவிட்டு அவருக்கே நேராக ஒரு போன் போடுங்கள். உங்களுக்காக ஜெபிக்கச் சொல்லலாமா, எவ்வளவு சொல்லலாம் என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், அவருடைய பெயர் குழுவுக்குத் தெரியாவிட்டாலும் ஜெபம் கேட்கப்படும்.