கோடையில் லேக் ஃபோர்க்: விடியலில் டாப்வாட்டர், வெயில் ஏறியதும் கிராங்க்பெய்ட்

டெக்சஸ் மாநிலத்தின் லேக் ஃபோர்க்கில் ஜூன், ஜூலையில் பாஸ் மீன் பிடிக்க இரண்டு தூண்டில் கம்புகள் போதும். ஒன்றில் தண்ணீர் மேல் ஓடும் டாப்வாட்டர் லூர் (செயற்கை இரை), இன்னொன்றில் ஆழம் போகும் கிராங்க்பெய்ட் லூர். எதை எப்போது எடுப்பது என்பதை வெயில்தான் முடிவு செய்கிறது. விடியலில் கரையோரப் பாசியில் இரை தேடும் மீன், வெயில் ஏற ஏற ஆழத்துக்கு இறங்கும். நாமும் கூடவே இறங்க வேண்டும். கரையை விட மனமில்லாமல் பத்து மணி வரை டாப்வாட்டரையே வீசுபவர்கள்தான் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புகிறார்கள்.

பொதுவாக 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு நன்னீர் மீன்பிடி உரிமம் வேண்டும். படகை இருட்டிலேயே எடுப்பதானால் கவனம்: ஏரிக்குள் மூழ்கிய மரங்கள் ஏராளம். அடையாளமிட்ட படகுப் பாதையைத் தாண்டியதும் வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

டாப்வாட்டருக்கு ஏழு அடி மீடியம் ஹெவி (சற்று விறைப்பான) கம்பு, 30 முதல் 40 பவுண்டு தாங்கும் பிரெய்டு (பின்னிய இழை) நரம்பு. ஃபுளோரோகார்பன் என்ற ஒற்றை இழை நரம்பு இதற்கு ஆகாது. அது தண்ணீரில் மூழ்கும். லூரின் மூக்கையும் கூடவே இழுத்து ஆட்டத்தைக் கெடுக்கும். ஸாரா ஸ்பூக் போன்ற நாலரை அங்குல லூரைப் பாசியின் விளிம்பை ஒட்டி வீசுங்கள். கம்பின் நுனியைத் தண்ணீரை நோக்கித் தாழ்த்தி, மணிக்கட்டால் சின்னச் சின்னதாகச் சுண்டுங்கள். ஒவ்வொரு சுண்டலுக்கும் பிறகு நரம்பைத் தளரவிட்டால்தான் லூர் இடமும் வலமுமாகத் திரும்பும். நரம்பு விறைப்பாகவே இருந்தால் லூர் நேராக இழுபட்டு வரும். புதிதாகப் பழகுபவர்களுக்கு லூர் ஆடாமல் போவதற்கு அநேகமாக இதுதான் காரணம்.

அடுத்தது, மீன் அடிக்கும் நொடி. தண்ணீர் வெடித்துச் சிதறும். கை தானாகவே கம்பை வெட்டி இழுக்கும். அந்தக் கையை அடக்க வேண்டும். பாஸ் பல சமயம் லூரை முதலில் முட்டித் தள்ளிவிட்டுத்தான் வாயில் வாங்கும். சத்தத்துக்கு இழுத்தால் லூர் அதன் வாயிலிருந்து பிடுங்கப்பட்டு, முட்களோடு உங்கள் முகத்தை நோக்கிப் பறந்து வரும். கண்ணாடி அணியாமல் டாப்வாட்டர் வீசவே கூடாது. நரம்பில் மீனின் கனம் தெரிந்த பிறகு இழுங்கள். அடி தவறினால் லூரை வெளியே எடுத்துவிடாமல் அதே தாளத்தில் ஆட்டிக்கொண்டே இருங்கள். அதே மீன் திரும்பி வந்து அடிப்பதுண்டு.

பாசி பாய் விரித்ததுபோல் மூடிக் கிடந்தால் ஸ்பூக் சிக்கிக்கொள்ளும். அங்கே உள்ளீடற்ற ரப்பர் தவளைதான் சரி. அதற்கு 50 முதல் 65 பவுண்டு பிரெய்டும் தடித்த கம்பும் வேண்டும்.

வெயில் தண்ணீரில் நேராக விழத் தொடங்கியதும் கரையை விட்டுவிடலாம். நிலம் நீருக்குள் நீளும் முனைகள், மூழ்கிய பழைய சாலைகள், ஓடைத் தடத்தின் விளிம்புகள் ஆகிய இடங்களில் 12 முதல் 20 அடி ஆழத்தைத் தேடுங்கள். சோனார் (ஒலியால் ஆழம் காட்டும் கருவி) திரையில் குறுக்கே மங்கலான ஒரு பட்டை தெரிந்தால், அது வெந்நீரும் குளிர்நீரும் பிரியும் அடுக்கு. கோடையில் அதற்குக் கீழே ஆக்சிஜன் குறைந்துவிடும், மீன் தங்காது. பட்டை 18 அடியில் இருந்தால் 25 அடியில் வீசுவது வீண்.

ஸ்ட்ரைக் கிங் 6எக்ஸ்டி போன்ற கிராங்க்பெய்ட் சுமார் 19 அடி வரை இறங்கும். ஆனால் 10 அல்லது 12 பவுண்டு ஃபுளோரோகார்பனும் நீண்ட வீச்சும் இருந்தால்தான். நரம்பு தடிக்கத் தடிக்க ஆழம் குறையும். குறிவைத்த இடத்தில் நேரே போடாமல் நன்றாகத் தாண்டி வீசுங்கள், ஏனென்றால் லூர் ஆழம் பிடிக்கவே கணிசமான தூரம் எடுக்கும். கம்பு ஏழரை அடிக்கு மேல், வளைந்து கொடுக்கும் வகை. ரீல் 5:1 வாக்கில் (கைப்பிடி ஒரு சுற்றுக்கு உருளை ஐந்து சுற்று) மெதுவானது. வேகமான ரீலில் நாள் முழுக்கச் சுற்றினால் மணிக்கட்டு விட்டுப்போகும்.

முதலில் வேகமாகச் சுற்றி லூரை இறக்குங்கள். லூரின் முன்னால் நீட்டிய தகடான அலகு தரையில் முட்டும்போது கையில் ‘டொக் டொக்’ என்று தெரியும். தெரியவில்லை என்றால் மீன் இருக்கும் ஆழத்துக்கு லூர் போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டையில் மோதியதும் ஒரு கணம் நிறுத்துங்கள். லூர் மிதந்து எழுந்து விலகும், பெரும்பாலான கடிகள் அப்போதுதான் கிடைக்கும். கடித்ததும் வெட்டி இழுக்காமல், கம்பைப் பக்கவாட்டில் நீளமாக இழுங்கள். மும்முட்கள் (மூன்று முனைத் தூண்டில் முட்கள்) சிறியவை, முரட்டு இழுப்பில் சதை கிழிந்து மீன் போய்விடும்.

லூர் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடினால் ஆழம் போகாது. அதன் மூக்கு உங்களைப் பார்க்கும்படி பிடித்து, எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அந்தப் பக்கமாக நரம்பு கட்டும் வளையத்தைக் குறடால் மயிரிழை அளவு வளையுங்கள். படகோரம் இரண்டு இழுப்பில் நேராக ஓடுகிறதா பார்த்துவிட்டு வீசுங்கள்.

மும்முள் தொங்கும் மீனை வாயில் கைவிட்டுத் தூக்காதீர்கள். ரப்பர் வலையில் எடுங்கள். இந்த ஏரியில் 16 முதல் 24 அங்குலம் வரையுள்ள பாஸை உடனே விட்டுவிட வேண்டும். நாளுக்கு 5 மீன் வைத்துக்கொள்ளலாம். அதில் 24 அங்குலமோ அதற்கு மேலோ உள்ளது ஒன்றே ஒன்று. கோடையில் சூடான நீரில் மீன் சீக்கிரம் களைத்துவிடும். அளவுப்பலகையை முதலிலேயே நனைத்து வைத்து, பெரிய மீனின் வயிற்றுக்கு அடியில் இன்னொரு கையைக் கொடுத்துக் கிடைமட்டமாகப் பிடித்து, அரை நிமிடத்துக்குள் தண்ணீரில் விடுங்கள்.