இது தமிழ், இது ஸ்பானியம்: நிகழ்நிலை வகுப்பில் கணினிக்கு மொழியைச் சொல்லிக் கொடுப்பது

தமிழ் விளக்கத்தோடு ஸ்பானியச் சொற்பட்டியல் ஒன்றை விழிப்புலனற்ற மாணவருக்கு அனுப்பினால், திரைவாசிப்பான் பெரும்பாலும் இரண்டையும் ஒரே குரலில் வாசித்துக் குழப்பிவிடும். எந்தச் சொல் எந்த மொழி என்று கோப்பில் யாரும் குறிக்காததே காரணம். வேலையை அங்கிருந்து தொடங்குங்கள்.

வேர்டில் 'ஸ்பானியம்' என்று ஓர் எழுத்துப் பாணியை உருவாக்கி, அதன் மொழியை ஸ்பானியமாக மாற்றுங்கள். ஒவ்வொரு ஸ்பானியச் சொல்லுக்கும் அந்தப் பாணியை இடுங்கள். மிச்சம் முழுவதும் தமிழாகக் குறிக்கப்பட்டிருக்கட்டும். வலைப்பக்கமாகச் சேமித்தால் இந்தக் குறிகளும் கூடவே போகும். மாணவர் பக்கத்தில் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் போதும், இலவசம். அதன் பேச்சு அமைப்பில் தானாக மொழி மாறும் தெரிவு இயங்க வேண்டும். குரலுக்கு ஈஸ்பீக் என்ஜியை வையுங்கள். இயந்திரத்தனமான குரல்தான், ஆனாலும் தமிழும் ஸ்பானியமும் அதற்குத் தெரியும். ஒரு மொழி மட்டும் தெரிந்த இனிய குரல் இந்த வேலைக்கு உதவாது. அனுப்புமுன் திரையைப் பார்க்காமல் நீங்களே ஒருமுறை கேளுங்கள்.

ஸ்பானியத்தைத் தமிழ் எழுத்தில் மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள். எடைக்கும் (peso) முத்தத்துக்கும் (beso) 'பேசோ' என்றே வந்துவிடும்; ஒன்றில் முதல் ஒலி 'படம்' என்பதில் வருவது, மற்றதில் 'கம்பம்' என்பதன் நடுவில் வருவது. யாழ்ப்பாணத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ரொறன்ரோ, ரிக்கெற் என்று எழுதிப் பழகிய கை ஸ்பானிய t எழுத்துக்கும் ர, ற போடும். அங்கே அது நாக்கு பல்லில் படும் த். 'நீ' என்பதற்கு 'தூ'. ரகரம் உருண்டாலும் பொருள் மாறும்: 'பெரோ' என்றால் ஆனால், 'பெர்ரோ' என்றால் நாய். ஆகவே மூல எழுத்தையும், சொல்லுக்கு ஐந்து விநாடி ஒலிப்பதிவையும் கொடுங்கள். ஓபஸ் என்ற ஒலிக்கோப்பு வடிவில், ஒற்றைத் தடத்தில், விநாடிக்கு 24 கிலோபிற் வேகத்தில் பத்து நிமிடம் ஏறத்தாழ 1.8 மெகாபைற்தான் வரும். டேற்றா குறைந்தவருக்கும் வட்ஸ்அப்பில் போய்ச் சேரும். பதியும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். இரைச்சல் நீக்கும் வசதியைக் கூட்டி வைத்தால் சொல்லின் இறுதி ஸ் அடிபடலாம். ஸ்பானியத்தில் பன்மையைக் காட்டுவதே அந்த ஸ்தான்.

அழுத்தக் குறியையும் விடக்கூடாது. 'பாப்பா' முதல் அசையில் அழுந்தினால் உருளைக்கிழங்கு, கடைசியில் அழுந்தினால் அப்பா. விண்டோஸில் ஆல்ட் விசையை அழுத்தியபடி எண்பலகையில் 160 தட்டினால் குறியுடன் கூடிய அகரம், 130 எகரம், 164 ஞகர ஒலி எழுத்து. எண்பலகை இல்லாத மடிகணினியில் ஸ்பானிய விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறெயில் வாசிப்பவருக்கு ஸ்பானிய அட்டவணையைத் தெரிவுசெய்யுங்கள்: ஞகர எழுத்தின் 1-2-4-5-6 புள்ளிகள் ஆங்கிலச் சுருக்கப் பிறெயிலில் 'எர்' ஆகிவிடும்.

செவிப்புலன் குறைந்தோருக்கு உபதலைப்பு வேண்டும். பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளான, 2022 செப்ரெம்பரில் வெளிவந்த விஸ்பரைக் கணினியில் இறக்கிவிட்டால் இணையமின்றியும் ஓடும். ஆனால் மொழியைச் சொல்லாவிட்டால் முதல் 30 விநாடியைக் கேட்டே அது முடிவெடுக்கும். தமிழில் வணக்கம் சொல்லித் தொடங்கிய பாடம் முழுவதும் தமிழாகவே எழுதப்படும், பின்னால் வரும் ஸ்பானியம் சிதையும். தமிழ்ப் பகுதியையும் ஸ்பானியப் பகுதியையும் தனித்தனிக் கோப்பாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் மொழியைக் குறித்து ஓட்டுங்கள். நீண்ட மௌனங்களையும் வெட்டுங்கள். யாரும் பேசாத இடத்தில் அது இல்லாத வசனத்தை எழுதிவிடும். தமிழ்ப் பகுதியில் பிழை அதிகம் வரும், திருத்த நேரம் ஒதுக்குங்கள்.

மாணவரின் உச்சரிப்புக்குப் புள்ளியிட இதை நம்ப வேண்டாம். தனிச் சொல்லில் எடையா முத்தமா என்று அது ஊகிக்கும்; வசனத்தில் மாணவர் விட்ட வினைப் பிழையைத் தானே திருத்தியும் எழுதும். அவர்கள் அனுப்பும் ஒலிப்பதிவைக் கேட்டே திருத்துங்கள்.