திரைக்கு அழகு, கணக்குக்குக் கேடு: செயற்கைக்கோள் படத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செயற்கைக்கோள் படங்களைப் புதிதாகக் கையாளப் பழகுகிறவர்கள், எங்கள் கூட்டம் அன்று தடுக்கி விழுந்த இடங்களிலேயே இன்றும் விழுகிறார்கள். மேகம் மூடிய படத்தை இறக்குவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை பார்த்ததும் தெரிந்துவிடும்.

திரையில் தெரிவதைச் சேமித்து அதில் கணக்குப் போடுவது

எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுவது இதுதான். சென்டினல்-2 செயற்கைக்கோளின் பேண்டுகளை (ஒவ்வொரு ஒளிப்பட்டைக்கும் தனித்தனிப் படம்) சேர்த்து, க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் திறந்தால், படம் பளிச்சென்று தெரிவதற்காக ஒவ்வொரு பேண்டிலும் அடியில் 2 சதவீதம், மேலே 2 சதவீதம் வெட்டி, மிச்சத்தை 0 முதல் 255 வரை இழுத்துக் காட்டும். அதுவரை கோப்பு பத்திரம். சேமிக்கும்போது ‘ரா டேட்டா’வை (அசல் எண்கள்) விட்டு ‘ரெண்டர்டு இமேஜ்’ (திரையில் தெரியும் படம்) கொடுத்தால், இழுத்த எண்களே கோப்பாகிவிடும்.

அப்படி ஒரு மாணவர் கொண்டுவந்த என்டிவிஐ (பயிரின் பசுமையை அளக்கும் குறியீடு) வரைபடத்தில், அறுவடை முடிந்த வயலெல்லாம் தண்ணீராக நின்றது. (அகச்சிவப்பு − சிவப்பு) ÷ (அகச்சிவப்பு + சிவப்பு) என்ற சூத்திரத்தில் பிழையே இல்லை. வெறும் மண்ணில் சிவப்பு 2000, அகச்சிவப்பு 2600 என்று வைத்துக்கொள்வோம், என்டிவிஐ 0.13. சிவப்பை 300–2300, அகச்சிவப்பை 1000–4000 எல்லைகளில் இழுத்தால் அவை 217, 136 ஆகும். இப்போது என்டிவிஐ −0.23, தண்ணீருக்கு வருவதுபோல எதிர்மறை எண். பேண்டுகள் தனித்தனியாக இழுபட்டதில் அவற்றுக்கிடையே இருந்த விகிதம் போய்விட்டது. அடர்ந்த பயிரிலோ (400, 3600) 0.80க்குப் பதில் 0.89 வரும், அங்கே யாருக்கும் சந்தேகமே எழாது!

வெட்டுப்பட்டதை எந்த மென்பொருளும் மீட்காது. அசலை அழித்திருந்தால் மறுபடி இறக்கலாம். டிரோன் படமாக இருந்து, பயிரையும் அறுத்துவிட்டால் அப்புறம் எங்கே போய் எடுப்பது? சேமித்ததும் விவரத்தைத் திறந்து பாருங்கள். 8 பிட் என்று இருந்தால் கணக்குக்குத் தொடாதீர்கள்.

வகை வரைபடத்தை வழவழப்பாக்குவது

நீர் 1, காடு 2, ஊர் 3 என்று எண் கொடுத்த படத்தின் பிக்சல் அளவை பைலீனியர் முறையில் (அக்கம்பக்கத்து எண்களைச் சராசரியாக்கி) மாற்றினால், ஏரிக்கும் ஊருக்கும் நடுவே இல்லாத காடு முளைக்கும். அருகிலுள்ள பிக்சலின் எண்ணையே அப்படியே எடுக்கும் நியரஸ்ட் நெய்பரே போதும். ஓரம் படிக்கட்டாகத் தெரிந்தால் தெரியட்டும்.

வானவில் நிறங்கள்

வேண்டாம். இல்லாத எல்லைகளைக் கண்ணுக்குக் காட்டும். கணக்கு, வரைபட மென்பொருள்களான மேட்லேப் 2014இலும் மேட்பிளாட்லிப் 2017இலும் ‘ஜெட்’ என்ற வானவில் நிறவரிசையை இயல்புநிலையிலிருந்து தூக்கிவிட்டன.

இரண்டு தேதிகளை ஒப்பிடுவது

இரண்டுக்கும் ஒரே எல்லைகளைக் கையால் கொடுங்கள். தானாக இழுக்க விட்டால் கோடையும் மழைக்காலம் மாதிரியே பச்சையாகத் தெரியும்.

ஜேபெக்

சுருக்கும்போது எண்களையே மாற்றிவிடும் கோப்பு வடிவம் இது. அறிக்கையில் ஒட்ட மட்டும்.