வலிப்பும் ஒற்றைத் தலைவலியும்: பக்கத்தில் இருப்பவர் பார்க்க வேண்டிய மணி

வலிப்பு தொடங்கியதும் முதலில் மணியைப் பாருங்கள். பதற்றத்தில் ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தோன்றும், ஊகம் உதவாது. பெரும்பாலான வலிப்புகள் இரண்டு, மூன்று நிமிடத்தில் தாமாகவே அடங்கிவிடும். 5 நிமிடம் தாண்டிவிட்டால் மருந்தில்லாமல் நிற்பது அரிது. நேரம் கூடக்கூட மூளைக்குச் சேதம் அதிகம்.

விழுந்தவரைத் தரையிலேயே விட்டு, அடுப்பு, மேசை முனை போன்றவற்றை விலக்குங்கள். தலைக்கடியில் மடித்த துண்டு வையுங்கள், கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள். முடிந்தவரை சீக்கிரம் ஒருக்களித்துப் படுக்க வைத்தால் எச்சிலும் வாந்தியும் வெளியே வழியும். கை கால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள், தோள்மூட்டு நழுவும். வாய்க்குள் கரண்டி திணித்தால் பல் உடைந்து மூச்சுக்குழாயில் போய் விழலாம். நாக்கை யாரும் விழுங்கிவிடுவதில்லை. இரும்புச் சாவியைக் கையில் கொடுத்ததும் வலிப்பு நின்றதாகச் சொல்வார்கள்; அது நிற்க வேண்டிய நேரம் வந்து நின்றது, அவ்வளவுதான். சாவி தேடி ஓடும் நேரத்தில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

5 நிமிடம் தாண்டினாலும், நினைவு திரும்பாமலே அடுத்த வலிப்பு வந்தாலும், முதல் வலிப்பாக இருந்தாலும், கர்ப்பிணி அல்லது சர்க்கரை நோயாளி என்றாலும், தலையில் அடிபட்டிருந்தாலும் 108ஐ அழையுங்கள். வலிப்பை நிறுத்தும் மிடாசோலம் மூக்கு ஸ்ப்ரேயை மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால், சீட்டில் உள்ள எண்ணிக்கையை இரண்டு மூக்குத் துளைகளுக்கும் பிரித்து அடியுங்கள். பிறகு மூச்சு ஏறி இறங்குவதைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த மருந்து மூச்சை மந்தமாக்கும்.

மருத்துவமனை வார்டில் பணிபுரிபவர்களுக்கு: சக்ஷனும் (எச்சிலை உறிஞ்சி எடுக்கும் கருவி) ஆக்சிஜனும் வேலை செய்கின்றனவா என்று ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் இயக்கிப் பாருங்கள். வலிப்பு வந்தவுடன் குளுக்கோமீட்டரில் சர்க்கரை பாருங்கள். சர்க்கரை இறங்கியதால் வந்த வலிப்புக்கு, சர்க்கரையை ஏற்றாமல் வேறு எந்த ஊசியும் பலன் தராது. மருத்துவர் உத்தரவில் வலிப்பை நிறுத்தும் லோரசெபாம் ஊசி என்றால் கிலோவுக்கு 0.1 மி.கி., அதிகபட்சம் 4 மி.கி., நிமிடத்துக்கு 2 மி.கி. வேகத்துக்கு மேல் போகாமல் ரத்தக்குழாயில் செலுத்த வேண்டும். இன்னொரு வலிப்பு மருந்தான ஃபெனிட்டாயினை நார்மல் சலைனில் (உப்பு நீர்) மட்டும் கலக்குங்கள். டெக்ஸ்ட்ரோஸில் (சர்க்கரை நீர்) கலந்தால் படிகமாகத் திரிந்துவிடும். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 50 மி.கி.க்கு மேல் போனால் ரத்த அழுத்தம் சரியும், இதயத் துடிப்பு தாறுமாறாகும்; ஈசிஜி மானிட்டர் இல்லாமல் தொடங்க வேண்டாம். ஊசி ரத்தக்குழாயை விட்டு விலகினால் கை வீங்கி ஊதா நிறமாகலாம்.

எந்தக் கை முதலில் உதறியது, கண்ணும் தலையும் எந்தப் பக்கம் திரும்பின, பேச்சு எத்தனை நிமிடத்தில் திரும்பியது என எழுதி வையுங்கள். வலிப்பு மூளையின் எந்தப் பகுதியில் கிளம்பியது என்பதற்கு இவைதான் துப்பு. இன்னொருவர் செல்போனில் படம் பிடித்தால் இன்னும் நல்லது. முழு நினைவு வரும்வரை தண்ணீர்கூட வாயில் ஊற்றக் கூடாது.

ஒற்றைத் தலைவலியிலும் (மைக்ரேன்) நேரமே வழிகாட்டி. தலைவலிக்கு முன் கண்ணில் நெளிநெளியான மின்னல்கோடு தோன்றி, 5 நிமிடத்துக்கு மேல் மெல்லப் பரவி, ஒரு மணி நேரத்துக்குள் மறைந்தால் அது பெரும்பாலும் மைக்ரேன். வண்ண வட்டங்கள் சில விநாடிகளில் வந்து, ஓரிரு நிமிடத்தில் முடிந்தால் மூளையின் பின்பகுதியில் கிளம்பும் வலிப்பாக இருக்கலாம். இரண்டையும் குழப்பிக்கொண்டு வருடக்கணக்கில் தவறான மருந்து சாப்பிடுபவர்கள் உண்டு.

வலி மிதமாக இருக்கும்போதே மாத்திரை கொடுங்கள். தாமதித்தால் இரைப்பை மந்தமாகி மருந்து உள்ளேறாது; அதனால்தான் மருத்துவர்கள் வாந்தி மருந்தையும் சேர்த்து எழுதுகிறார்கள். இருட்டறை, அமைதி, நெற்றியில் ஈரத்துணி. மைக்ரேனுக்கென்றே உள்ள டிரிப்டான் வகை மாத்திரையை மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளும், டிரிப்டானை 10 நாளும் எட்டிவிட்டால், அந்த மருந்தே தினமும் தலைவலியைக் கொண்டுவரலாம். நாள்காட்டியில் ஒவ்வொரு மாத்திரையையும் குறியுங்கள்.

நொடியில் உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் பலவீனம், பிரசவத்துக்குப் பின் புதிதாக வரும் தலைவலி ஆகியவற்றை மைக்ரேன் என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

வலிப்பும் மைக்ரேனும் ஒருவருக்கே இருந்தால் டோபிரமேட் அல்லது வால்ப்ரோயேட் இரண்டுக்குமே உதவலாம். டோபிரமேட் சாப்பிடுபவர் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் சிறுநீரகக் கல் வரலாம். வால்ப்ரோயேட் கருவைப் பாதிக்கும். குழந்தைப்பேறு வயதில் இருக்கும் பெண்கள் மருத்துவரிடம் பேசாமல் தொடங்கவும் வேண்டாம், தாமாக நிறுத்தவும் வேண்டாம். வலிப்பும் மைக்ரேனும் சேர்ந்து உள்ளவர்களிடம் அதிகம் கவனிக்கப்படாத ஆபத்து ஒன்று உண்டு: தலைவலி வாந்தியில் காலை வலிப்பு மாத்திரை வெளியே போய்விடும், இரவு வலிப்பு வரும். மாத்திரை போட்டு எத்தனை நிமிடத்துக்குள் வாந்தி வந்தால் மறுபடி கொடுக்கலாம் என்பதை மருத்துவரிடம் முன்பே கேட்டு, மாத்திரை டப்பா மூடியிலேயே எழுதி ஒட்டி வையுங்கள்.