நக்கிள்ஸை ஆடுவது எப்படி: உயரத்தைச் சேர்த்துத் தூரமாகச் செலவழிக்கும் கணக்கு

1994 அக்டோபரில் சேகாவின் மெகா டிரைவ் வீடியோ கேம் மெஷினுக்கு வந்த 'சானிக் அண்ட் நக்கிள்ஸ்' கேட்ரிட்ஜின் தலையில் இன்னொரு கேட்ரிட்ஜைச் செருகும் வாய் உண்டு. அதில் 'சானிக் 3'ஐ வைத்தால் இரண்டும் ஒரே நீண்ட ஆட்டமாகிவிடும். சேவ் திரையில் மேல், கீழ் அழுத்தி, நீலச் சானிக்குக்குப் பதில் சிவப்புப் பாத்திரமான நக்கிள்ஸைத் தேர்ந்தெடுக்கலாம். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஆட்டத்துக்கானது. எண்களெல்லாம் நொடிக்கு 60 பிரேம் (திரையில் மாறும் படம்) ஓடும் மெஷினுக்கு. 50 பிரேம் மெஷினில் பிரேம் கணக்கு அதேதான், நேரம் மட்டும் கொஞ்சம் நீளும்.

நக்கிள்ஸை எடுத்த பத்து நிமிடத்தில் பலருக்கும் எரிச்சல் வருவதற்குக் காரணம் ஒன்றுதான்: அவனைச் சிவப்புச் சானிக் என்று நினைத்து ஓட்டுகிறார்கள். சானிக்குக்கு வேகம்தான் முதல். நக்கிள்ஸுக்கு உயரம்தான் முதல். சுவரில் ஏறி உயரம் சேர்க்க வேண்டும், பிறகு கிளைடு (காற்றில் மிதந்து போவது) அடித்து அதைத் தூரமாக மாற்ற வேண்டும். ஓடி வந்த வேகத்தை அவனால் கிளைடுக்குள் கொண்டுபோக முடியாது.

முதலில் குறையைத் தெரிந்துகொள்வோம். குதிக்கும்போது சானிக்கின் தொடக்க வேகம் பிரேமுக்கு 6.5 பிக்சல், நக்கிள்ஸுக்கு 6. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் உச்சியில் சானிக் சுமார் 96 பிக்சல் தொடும்போது இவன் 82இல் நின்றுவிடுகிறான். சானிக் சாதாரணமாக எட்டும் மேடையின் விளிம்பில் இவன் தலையை மோதுவது அதனால்தான். திரும்பத் திரும்பக் குதித்துப் பயனில்லை. பக்கத்தில் சுவர் இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது கிளைடு. ஏ, பி, சி மூன்றும் ஜம்ப் பட்டன்தான். ஒருமுறை அழுத்திக் குதித்து, விட்டு, காற்றில் இருக்கும்போதே மறுபடி அழுத்திப் பிடித்தால் கைகளை நீட்டிக்கொண்டு மிதப்பான். பிடித்திருக்கும் வரை மிதப்பு, விட்டால் விழுவான், தரையைத் தொடும்வரை மறுபடி மிதக்க முடியாது.

எப்போது அழுத்துவது என்பதில்தான் பாதி வித்தை. மேலேறிக்கொண்டிருக்கும்போது கிளைடு தொடங்கினால் மேல்நோக்கிய வேகம் அங்கேயே போய்விடும். ஆகவே உச்சி வரை காத்திருக்க வேண்டும். முழுக் குதிப்பில் உச்சி வர சுமார் 27 பிரேம், அதாவது அரை நொடிக்குச் சற்றுக் குறைவு. பட்டனை அதுவரை பிடித்திருக்க வேண்டியதில்லை. சீக்கிரம் விட்டால் குதிப்பு குட்டையாகும் என்பது மேலேறும் வேகம் 4க்கு (எல்லா வேகமும் பிரேமுக்கு இத்தனை பிக்சல் என்ற கணக்கு) மேல் இருக்கும் வரைதான். அது முதல் 9, 10 பிரேமோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் விட்டாலும் உயரம் குறையாது. விரலை எடுத்துத் தயாராக வைத்திருந்து உச்சியில் அழுத்துங்கள்.

கிளைடு தொடங்கும் கணத்தில், எவ்வளவு வேகமாக ஓடி வந்திருந்தாலும், பக்கவாட்டு வேகம் 4ஆக மாற்றப்படும். சரிவில் 10இல் உருண்டு வந்தவன் கிளைடு அடித்தால் பிரேக் போட்டதுபோலாவது இதனால்தான். வேகத்தில் இருக்கும்போது ஒற்றை ஜம்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். நின்ற இடத்திலிருந்து கிளம்புவதற்குத்தான் கிளைடு லாபம். பிறகு 64 பிரேமுக்கு 1 வீதம் வேகம் ஏறும். கணக்குப்படி 24 வரை போகலாம், ஆனால் அதற்கு இருபது நொடிக்கு மேல் மிதக்க வேண்டும். அவ்வளவு நீளமான வெட்டவெளி எங்கே கிடைக்கப்போகிறது?

கீழிறங்கும் வேகம் பிரேமுக்கு வெறும் அரை பிக்சல். சமதரையில் முழுதாகக் குதித்து உச்சியில் கிளைடு பிடித்தால் தரை தொடுவதற்குள் 800 பிக்சலுக்கு மேல் போய்விடலாம். மெகா டிரைவ் திரையின் அகலம் 320. அதாவது இரண்டரைத் திரைக்கும் கூடுதல். ஒரு குதிப்பிலேயே இவ்வளவு என்றால், உயரமான சுவரின் உச்சியிலிருந்து கிளம்பினால் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நடுவானில் திரும்ப, எதிர்த்திசையை ஒருமுறை தட்டினால் போதும். மீதியை அவனே வளைந்து முடிப்பான். முழுத் திருப்பத்துக்கு 64 பிரேம், ஒரு நொடிக்குச் சற்று மேல். அந்த நேரத்திலும் கீழிறங்கிக்கொண்டேதான் இருப்பான். முள் குழிக்கு மேலே போய்த் திரும்ப நினைப்பவர்கள் சுமார் 32 பிக்சல் உயரம் போகும் என்று முன்கூட்டியே கழித்துக்கொள்ளுங்கள்.

கிளைடு அடிக்கவே முடியாத தருணங்களும் உண்டு. விளிம்பிலிருந்து நடந்து விழுந்தால் முடியாது. ஸ்பிரிங் தூக்கி எறிந்தாலும் முடியாது. குதித்துத்தான் காற்றில் ஏறியிருக்க வேண்டும். பட்டன் கெட்டுவிட்டது என்று கன்ட்ரோலரைத் தட்டிப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஸ்பிரிங்கில் ஏறியவர்கள்தான்.

இறங்குவதில் இரண்டு வகை. பட்டனைப் பிடித்தபடியே தரை தொட்டால் வயிற்றால் சறுக்குவான். வேகம் 4இல் இறங்கினால் ஏறத்தாழ 64 பிக்சல், 5இல் இறங்கினால் 100 பிக்சல் வரை சறுக்கும். குறுகலான மேடையில் இப்படி இறங்கினால் நேராக மறுபக்கக் குழிக்குள்தான். இன்னொரு வகை, காற்றிலேயே பட்டனை விடுவது. விட்டவுடன் பக்கவாட்டு வேகம் கால் பங்காகக் குறையும், ஏறத்தாழச் செங்குத்தாக விழுவான். குட்டி மேடைகளுக்கு இதுதான் வழி: மேடையின் நடுப்பகுதி காலுக்குக் கீழே வரும் நேரத்துக்குச் சற்று முன்னால் விடுங்கள். எந்த வகையானாலும் சமதரையில் எழுந்து நிற்க 15 பிரேம், கால் நொடி, பட்டன் எதையும் கேட்காது. எதிரிக்குப் பக்கத்தில் இறங்காமல் இருக்க இது ஒன்றே போதுமான காரணம்.

மிதக்கும்போதும் சறுக்கும்போதும் அவன் முஷ்டிகள் ஆயுதம். சாதாரண எதிரியை இடித்தால் எதிரி உடையும், பரிசுப் பெட்டியான மானிட்டரும் உடையும். ஆனால் பட்டனை விட்டு விழும்போது, சுவரில் தொங்கும்போது, அவன் பந்தாகச் சுருண்டிருப்பதில்லை. எது பட்டாலும் அடிதான். பாஸைக் (ஆக்டு முடிவில் வரும் பெரிய எதிரியை) கிளைடில் இடித்தால் அதற்கு அடி விழும், ஆனால் அதோடு கிளைடு முறிந்து அந்தப் பாதுகாப்பற்ற விழும் நிலைக்குப் போவான். அதனால் பாஸிடம் சாதாரணச் சுருள் ஜம்ப்பே மேல். கிளைடைத் தப்பிப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி சுவர். கிளைடில் போய்ச் செங்குத்தான சுவரை முட்டினால் ஒட்டிக்கொள்வான். ஒட்டியபின் பட்டனையும் திசையையும் விட்டுவிடலாம், விழமாட்டான். மேல், கீழ் அழுத்தி நகரலாம். வேகம் பிரேமுக்கு 1 பிக்சல், ஒரு திரை உயரம் ஏற நான்கு நொடிக்குச் சற்றுக் குறைவு. உச்சிக்கு வந்தால் தானாகவே மேலே ஏறி நிற்பான். சாதாரண ஜம்ப்பில் சுவரை முட்டினால் ஒட்டமாட்டான்; கிளைடு நிலையில்தான் ஒட்டுவான். ஆரம்பத்தில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. சுவரை ஒட்டி நின்றுகொண்டு ஏற நினைத்தால், அதன் பக்கம் முகம் வைத்துக் குதித்து உடனே இரண்டாவது அழுத்தம். தரைமட்டத்திலிருந்தே பிடித்துவிடலாம்.

எல்லாச் சுவரும் ஏறுவதற்கல்ல. நிலத்தோடு சேர்ந்த செங்குத்துப் பரப்புகளில் ஏறலாம். கீழிருந்து ஊடுருவிக் குதிக்கக்கூடிய மேடைகளுக்குப் பக்கச்சுவர் கிடையாது. நகரும் கட்டைகள் போன்ற தனிப் பொருட்களை ஏணியாக நம்பாதீர்கள். சுவர் சாய்ந்திருந்தாலும் பிடி கிடைக்காது. இதற்கு நேர்மாறாக, நக்கிள்ஸ் கைபட்டாலே உடையும் சுவர்களும் உண்டு. அவனுடைய தனி வழிகள் பலவும் அவற்றுக்குப் பின்னால்தான். சந்தேகமான முட்டுச்சந்து தென்பட்டால் ஒரு இடி இடித்துப் பாருங்கள்.

சுவரிலிருந்து ஜம்ப் அழுத்தினால் எதிர்ப்பக்கம் சுருண்டு குதிப்பான்: பக்கவாட்டில் 4, மேல்நோக்கி 4. இதில் ஒரு குறுக்குவழி ஒளிந்திருக்கிறது. எதிரெதிரே இரண்டு சுவர் உள்ள குறுகிய கிணறு கிடைத்தால், ஊர்ந்து ஏறாமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுங்கள். எதிர்ச்சுவரைத் தொடுவதற்குச் சற்று முன்னால் கிளைடு, ஒட்டியதும் பட்டனை விட்டு மறுபடி ஜம்ப். ஒரு தாவலில் அதிகபட்சம் 36 பிக்சல் உயரம், அதற்கு 18 பிரேம். அதே நேரத்தில் ஊர்ந்தால் 18 பிக்சல்தான். கிணறு குறுகக் குறுக லாபம் கூடும், ஏனென்றால் தாவலின் தொடக்கத்தில்தான் மேலேறும் வேகம் அதிகம். 70 பிக்சலுக்கு மேல் அகலமானால் உச்சி தாண்டி இறங்கத் தொடங்கிவிடுவான்; அங்கே ஊர்வதே நல்லது. கிளைடைச் சீக்கிரம் அழுத்தினால் உயரம் வீண், தாமதித்தால் சுவரில் மோதிக் கீழே. ஐந்தாறு முறை தவறினால்தான் விரலுக்குப் பிடிபடும்.

மானிட்டரில் கிடைக்கும் ஷீல்டு (பாதுகாப்புக் கவசம்) விஷயத்தில் ஏமாற வேண்டாம். சானிக் அடிக்கும் நெருப்புப் பாய்ச்சல், நீர்க்குமிழித் துள்ளல், மின்னல் இரட்டை ஜம்ப் எதுவும் இவனுக்கு இல்லை. அந்தப் பட்டன் கிளைடுக்குப் போய்விட்டது. பாதுகாப்பு மட்டும் அப்படியே உண்டு: நெருப்பு சுடாது, தண்ணீருக்குள் மூச்சு முட்டாது, மின்னல் ஷீல்டு ரிங்குகளை இழுக்கும். சுவர் ஏறுபவனுக்குக் கடைசியானதுதான் அதிகம் உதவும், எட்டாத ரிங்கெல்லாம் தானே வந்து சேரும். தண்ணீரில் இறங்கினால் நெருப்பும் மின்னலும் போய்விடும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

சிறப்புச் சுற்றுகளில் கிடைக்கும் ரத்தினங்களான ஏழு எமரால்டும் 50 ரிங்கும் கையில் இருந்தால், காற்றில் இரண்டாவது அழுத்தம் முதலில் சூப்பர் நக்கிள்ஸாக உருமாறப் போகும், கிளைடுக்கு அல்ல. குழிக்கு மேலே இதை மறந்தால் கதை முடிந்தது. சூப்பர் எமரால்டுகளையும் சேர்த்து அடுத்த உருமாற்றமான ஹைப்பர் ஆனால், கிளைடில் கொஞ்ச தூரம் வேகம் பிடித்து வந்து சுவரை மோதும்போது திரை அதிரும், கண்ணில் படும் எதிரிகள் எல்லாம் காலி.

நேரத்தையும் கவனிக்க வேண்டும். ஒரு ஆக்டுக்கு (கட்டத்தின் ஒரு பகுதிக்கு) பத்து நிமிடம்தான். ஒவ்வொரு சுவரையும் ஆசைக்கு ஏறிப் பார்த்தால், சாண்டோபொலிஸ் போன்ற பெரிய இடங்களில் கடிகாரம் உயிரை எடுத்துவிடும்.

நக்கிள்ஸின் பயணம், சானிக்கினுடையதைப் போல டெத் எக் கட்டம் வரை போகாது. ஸ்கை சாங்சுவரி கட்டத்தில் மெக்கா சானிக் என்ற ரோபோ பாஸோடு முடிகிறது. இரண்டாம் கட்டத்தில் எமரால்டின் சக்தியேறி மின்னும்போது அதை எதுவும் செய்ய முடியாது. கைகளைக் கட்டிக்கொண்டு தப்பிப்பதை மட்டும் பாருங்கள். சக்தி தீர்ந்து ஒளி அணையும் அந்தச் சின்ன இடைவெளியில் மட்டும் அடியுங்கள்.

'சானிக் 2'ஐ அதே வாயில் செருகினால் அங்கேயும் நக்கிள்ஸ் வருவான். ஆனால் கடைசி ராட்சத ரோபோவிடம், சானிக்கைவிடக் குதிப்பில் குறையும் அந்த 14 பிக்சல் முழுதாகத் தெரியும். ரிங் ஒன்றுகூட இல்லாத இடம், ஒரு அடி பட்டால் போச்சு. ரோபோ தரையிறங்கி நிமிர்வதற்குள், அது தாழ்ந்திருக்கும்போது மட்டும் வயிற்றைக் குறிவைத்துக் குதியுங்கள்.